கிட்னி நோயா? எலும்புக்கு மாத்திரை கேட்பதற்கு முன் மலச்சிக்கலைச் சொல்லுங்கள்

அம்மாவுக்கு கிட்னி நோய், நான்காம் கட்டம். குடியாத்தத்தில் இருந்து வேலூருக்கு பஸ் பிடித்து செக்கப்புக்குப் போய்வர ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. மூன்றாவது வருடத்தில் இடுப்பு வலி, குதிகால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். எலும்புத் தேய்மானமாக இருக்கும், கால்சியம் மாத்திரை எழுதித் தரச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். பாஸ்பரஸ் 6.1 (4.5-க்குள் இருக்க வேண்டியது), எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும் பி.டி.எச் ஹார்மோன் ஏறியிருக்கிறது, பொட்டாசியமும் கொஞ்சம் கூட. அவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் மோஷன் போகுதாம்மா?"

அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான்கு நாளைக்கு ஒரு முறை, அதுவும் முக்கி முக்கி. கூடவே இருக்கும் எனக்கே அது தெரியாது. வெளியே வந்ததும், "இன்னாடி, இதையெல்லாமா போயி டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?" என்றார்.

சொல்ல வேண்டும். கிட்னி நோயாளி வீட்டில் இருப்பவர்கள் எலும்பைப் பற்றிக் கவலைப்படும்போது பால், கால்சியம், வெயில் என்று யோசிக்கிறோமே தவிர குடலைப் பற்றி யோசிப்பதே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்து நாங்கள் மாற்றிக்கொண்டவற்றை, எங்கள் பக்கத்துச் சாப்பாட்டோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை அளவு, தண்ணீர் அளவு, பொட்டாசியம் கட்டுப்பாடு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும்தான் கேட்க வேண்டும்.

வயிற்றுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்

முதலில் கிட்னிக்கும் எலும்புக்கும் உள்ள சம்பந்தம். அதிகப்படியான பாஸ்பரஸை சிறுநீரில் வெளியேற்றுவது கிட்னி, வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதும் கிட்னிதான். அது தளர்ந்துபோனால் பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்குகிறது, வைட்டமின் டி வேலை செய்யாததால் சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலில் சரியாகச் சேர்வதில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைகிறது என்று தெரிந்ததும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்ன பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகின்றன. அப்படி உருவிய கால்சியம் போய் ரத்தக் குழாய்ச் சுவர்களில் படிகிறது. அதனால்தான் 2006-ல் இருந்து இதை வெறும் எலும்பு நோய் என்று சொல்லாமல், எலும்பு, ரத்தத்தில் உள்ள தாதுக்கள், ரத்தக் குழாய் மூன்றும் சேர்ந்த ஒரே கோளாறாக டாக்டர்கள் பார்க்கிறார்கள். வெறும் கால்சியம் மாத்திரையை நாமாக வாங்கிப் போட்டால் அது எலும்புக்குப் போகுமா குழாய்க்குப் போகுமா என்பது நம் கையில் இல்லை.

இதில் குடல் எங்கே வருகிறது? ரத்தத்தில் யூரியா ஏறும்போது அதில் ஒரு பங்கு குடலுக்குள் கசிகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியா அதை அமோனியாவாக உடைக்கிறது, அமோனியா குடலின் உட்சுவரை அரிக்கிறது. நார்ச்சத்தைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியா குறைந்து, புரதத்தை அழுக வைக்கும் வகை பெருகுகிறது. மலம் நான்கு நாள் உள்ளேயே கிடந்தால் அந்த வகைக்கு விருந்துதான். செரிக்காமல் வந்த புரதத்திலிருந்து இண்டோல், பாரா கிரசால் என்ற பொருட்களை அவை உண்டாக்க, கல்லீரல் அவற்றை இண்டாக்சில் சல்பேட், கிரசில் சல்பேட் என்று மாற்றி ரத்தத்தில் விடுகிறது. நல்ல கிட்னி இவற்றைச் சிறுநீரில் தள்ளிவிடும். நோயுற்ற கிட்னியால் முடியாது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸ் மெஷினாலும் இவற்றைச் சரியாக எடுக்க முடிவதில்லை.

இந்த இண்டாக்சில் சல்பேட்தான் எலும்பைக் கட்டும் செல்களைத் தளர வைக்கிறது, பி.டி.எச் சொல்வதை எலும்பு கேட்காதபடி செய்கிறது. இவை குடலில்தான் உற்பத்தியாகின்றன என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு: வேறு நோய்க்காகப் பெருங்குடலை எடுத்துவிட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தபோது இந்த இரண்டும் மிக மிகக் குறைவாக இருந்தன. எதிர்ப்பக்கம், நார்ச்சத்தை நல்ல பாக்டீரியா புளிக்க வைக்கும்போது ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது, எலும்பு வளர்வதற்கு அதுவும் உதவுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலும் எலியிலும் தெரிந்த விஷயம், குடலைச் சரிசெய்தால் மனிதர்களுக்கு எலும்பு முறிவு குறையும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மலச்சிக்கலைத் தீர்ப்பதற்கு அது வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிட்னி தளரத் தளர, பொட்டாசியத்தைப் பெருங்குடல் வழியாக வெளியேற்றும் வேலையை உடம்பு கூட்டிக்கொள்கிறது, மலம் தங்கினால் பொட்டாசியமும் தங்குகிறது. அது ஒன்றே போதுமான காரணம்.

முதல் வேலை, ஒரு நோட்டு

காலண்டரிலேயே குறிக்கலாம், நாங்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாகப் போனால் 'பு', வாழைப்பழம் மாதிரி வழுவழுவென்று போனால் 'வா', தண்ணியாகப் போனால் 'த', போகாத நாளுக்கு ஒரு கோடு. முதல் வாரம் அம்மாவின் நோட்டில் ஐந்து கோடு, இரண்டு 'பு'. பக்கத்திலேயே அன்றைக்குப் போட்ட மாத்திரைகளையும் எழுதச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, பாஸ்பரஸைக் குறைக்கத் தந்த மாத்திரையை (வீட்டில் 'பாஸ்பரஸ் மாத்திரை' என்போம்) அவர் பாதி நாள் போடுவதே இல்லை. கேட்டால், "அது வயித்தைக் கட்டுது, அதான் நிறுத்திட்டேன்" என்கிறார்.

இதை வீட்டுக்கு வீடு பார்க்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் கால்சியம் மாத்திரையும் சரி, செவலமர் மாத்திரையும் சரி, பலருக்கு மலச்சிக்கல் கொடுக்கும். இரும்பு மாத்திரையும் கொடுக்கும். பொட்டாசியத்துக்குப் பயந்து காயும் பழமும் குறைகிறது, வீக்கத்துக்குப் பயந்து தண்ணீர் குறைகிறது, கால் வலி என்று நடையும் குறைகிறது. எல்லாம் சேர்ந்து வயிறு கட்டிக்கொண்டதும் ஆள் பாஸ்பரஸ் மாத்திரையை சத்தமில்லாமல் நிறுத்துகிறார், பாஸ்பரஸ் ஏறுகிறது, எலும்பு போகிறது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் டாக்டர் மாத்திரையைக் கூட்டத்தான் நினைப்பார். போடவில்லை என்பதை நாம் சொன்னால்தான் வேறு மாத்திரைக்கு மாற்றவோ, மலமிளக்கி சேர்த்துத் தரவோ முடியும். தயவுசெய்து சொல்லுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

பாஸ்பரஸ் மாத்திரையை எப்போது போடுவது

சாப்பாட்டோடு. முன்னாலும் இல்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் இல்லை. அது குடலுக்குள்ளேயே சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும் மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அம்மா காலை மாத்திரைகளோடு சேர்த்து ஆறு மணிக்கே காபியில் விழுங்கிக்கொண்டிருந்தார். இப்போது சின்ன டப்பாவில் போட்டு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம், இரண்டு வாய் சாப்பிட்டதும் ஒன்று. இரும்பு, தைராய்டு மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போடக் கூடாது, எவ்வளவு இடைவெளி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கல்யாணம், ஆம்பூர் பிரியாணி நாளெல்லாம் வரும். அன்றைக்குக் கறியில் பாஸ்பரஸ் கூடும் என்பதால் மாத்திரை எண்ணிக்கை மாறுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், ஆசைக்கு நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிடலாம். கூட வைக்கும் கத்திரிக்காயையும் அளவாகவே சாப்பிடுங்கள், அது தண்ணீர் வடித்துச் செய்ததாக இருக்காது, எண்ணெயையும் உப்பையும்கூடப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்ச்சத்து வேண்டும், பொட்டாசியம் வேண்டாம்

இங்கேதான் எல்லோரும் திணறுகிறோம். மலச்சிக்கல் என்றால் வாழைப்பழம் சாப்பிடு, கீரை சாப்பிடு, இளநீர் குடி என்பதுதான் ஊர் வழக்கம், மூன்றுமே பொட்டாசியம் நிறைந்தவை. பொட்டாசியம் ஏறியவருக்கு அவை ஆபத்து.

அதற்காக காய்கறியே வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். கத்திரிக்காய், அவரை, பீன்ஸ், கோவைக்காய், புடலங்காய், சுரைக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் இவற்றில் நாரும் உண்டு, சரியாக வேக வைத்தால் பொட்டாசியமும் அடங்கும். எங்கள் மாவட்டத்துக்கே பெயர் வாங்கித் தந்த இலவம்பாடி முள் கத்திரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது சீசனில் கிடைக்கும்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் அதுதான்.

வேக வைக்கும் முறை முக்கியம். காயைச் சின்னச் சின்னதாக நறுக்கி, மூழ்குவதைவிட நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை முழுதும் வடித்துக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். சும்மா ஊற வைத்தால் அவ்வளவாகப் போகாது, கொதிக்கும் தண்ணீர்தான் இழுக்கும். குக்கரில் தண்ணீர் வற்ற வேக வைத்தால் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். பருப்பு வடித்த தண்ணீரில் ரசம் வைப்பது நம் வீடுகளில் பழக்கம், வெளியே எடுத்த பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் அந்த ரசம் திரும்ப வயிற்றுக்குள் அனுப்பிவிடும். மற்றவர்களுக்கு வையுங்கள், நோயாளிக்குத் தனியாகப் புளித் தண்ணியை அளவாக விட்டு மிளகு ரசம். பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஒரு கீற்று. 'குறைந்த சோடியம்' என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் உப்பு வேண்டவே வேண்டாம், சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பார்கள்.

கூழ் குடிக்கலாமா

வட ஆற்காட்டுக்காரர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

கேழ்வரகில் நார் உண்டு, நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு, பாஸ்பரஸும் உண்டு. தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக்கிடக்கிறது, அதைத் திறக்கும் நொதி நம் குடலில் கிடையாது, அதனால் பாதிக்கும் குறைவாகத்தான் சேரும். ஆனால் கூழுக்கு மாவை இரவெல்லாம் புளிக்க வைக்கிறோமே, அப்போது பைட்டேட் உடைகிறது. இரும்பும் கால்சியமும் நன்றாகச் சேர்வது போலவே பாஸ்பரஸும் கூடுதலாகச் சேரும். ஆகவே பாஸ்பரஸ் கட்டுக்குள் இருக்கிறவர் ஒரு சின்ன டம்ளர் குடிப்பதற்கும், ஏழைத் தாண்டியவர் ஒரு சொம்பு குடிப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் போடுகிறவர்கள் கேழ்வரகு தினமும் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு கூழும் தண்ணீர்க் கணக்குதான், ஒரு சொம்பு குடித்துவிட்டு நான் தண்ணியே குடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

எனக்குக் கூழைவிடப் பயம் அதற்குத் தொட்டுக்கொள்வதில்தான். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மெல்லும்போது உப்பும் பாஸ்பரஸும் ஒன்றாக உள்ளே போகிறது. மோர் மிளகாய், ஊறுகாய் எல்லாம் உப்பு. சின்ன வெங்காயம் நாலு கடித்துக்கொண்டால் போதும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பொருந்தியது பழைய சோறு. அரிசியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு, இரவு தண்ணீர் ஊற்றிப் புளித்த சோற்றைப் பிழிந்தெடுத்து, இரண்டு கரண்டி மோர், உப்பு துளி. கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் சோறும் கூழும் சீக்கிரம் கெட்டுவிடும், நுரைத்து வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை போடுகிறவர்கள் இப்படிப் புளித்ததைச் சாப்பிடும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். ப்ரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா மாத்திரை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எலும்புக்கு அது பலன் தரும் என்று உறுதியாகவில்லை, அந்தப் பணத்தைக் காய்கறிக்குச் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம்.

பாக்கெட்டில் ஒளிந்திருக்கும் பாஸ்பரஸ்

கெடாமல் இருக்கவும் மென்மையாக இருக்கவும் கம்பெனிகள் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுவதுமே ரத்தத்தில் சேர்ந்துவிடும். கறுப்பு நிற கோலா, சீஸ் துண்டு, பாக்கெட் நக்கெட்ஸ், ரெடிமேட் சூப். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பாஸ்' (phos) என்று நடுவிலோ முதலிலோ வரும் எந்தப் பெயர் இருந்தாலும், 338-லிருந்து 341 வரை எண்ணோ 450, 451, 452 என்ற எண்ணோ இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். பருப்பைக் குறைப்பதற்கு முன் இவற்றை நிறுத்துங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாதவை

மலச்சிக்கலுக்கு டாக்டர்கள் கிட்னி நோயாளிக்கு அடிக்கடி எழுதுவது லாக்டுலோஸ் சிரப், அம்மாவுக்கும் அதுதான் கொடுத்தார்கள். பத்து நாளில் நோட்டில் 'வா' வர ஆரம்பித்தது. இசப்கோல் நல்லதுதான், ஆனால் ஒரு முழு டம்ளர் தண்ணீர் கேட்கும், தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உள்ளே கட்டியாக நின்றுவிடும்.

இனி கவனமாகப் படியுங்கள். வாயுவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கடையில் தரும் இளஞ்சிவப்பு ஆன்டாசிட் திரவங்களில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கும். கிட்னியால் இவற்றை வெளியேற்ற முடியாது, அலுமினியம் நேராக எலும்பில் போய்ப் படிந்து எலும்பை மெத்தென்று ஆக்கிவிடும். எங்கள் தெருமுனைக் கடையில் கிட்னி நோயாளிக்கு என்று சொல்லியும் அந்த பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள், நான் லேபிளைப் படித்ததால் தப்பித்தோம். மில்க் ஆஃப் மெக்னீசியாவும் வேண்டாம். பாஸ்பேட் எனிமா, குடலைச் சுத்தம் செய்யும் பாஸ்பேட் திரவம் கூடவே கூடாது, அது மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுத்துவிடும். வேறு ஏதாவது டெஸ்டுக்காகக் குடலைக் காலி செய்யச் சொன்னால், கிட்னி நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலும்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் கிட்னிக்கு எமன். நிலாவாரைப் பொடி, கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய் எல்லாம் பாட்டி காலத்து வைத்தியம் என்றாலும், டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

செக்கப்பில் என்னென்ன கேட்பது

கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, பைகார்பனேட், பொட்டாசியம். பாஸ்பரஸ் பொதுவாக 2.5 முதல் 4.5-க்குள் இருப்பது இயல்பு. பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது, அதைச் சமன் செய்ய எலும்பு தன்னையே கரைத்துக் கொடுக்கிறது. அதற்குத்தான் சோடா மாத்திரை தருகிறார்கள், அதைச் சும்மா கேஸ் மாத்திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், மூன்று நான்கு ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அம்மாவுக்கு ஏழு மாதத்தில் 6.1, 5.6, 4.9 என்று இறங்கியது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் மாடிக்குத் துணி காயப்போட அவரே ஏறுகிறார்.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அது போடாதவருக்குத் தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம், மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, திடீரென்று கை கால் தளர்ந்து நெஞ்சு படபடப்பது, இதில் எது வந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் நடை. சாப்பிட்டு அரைமணி கழித்து, வெயில் தாழ, தெருவில் பதினைந்து நிமிடம். குடலும் நகரும், எலும்புக்கும் சுமை கிடைக்கும். கிட்னி நோயாளிக்கு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பல மடங்கு அதிகம், இரவில் அவசரமாகக் கக்கூஸுக்கு எழுந்து போகும்போது வழுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. மலமிளக்கியை எந்த நேரத்தில் கொடுத்தால் காலையில் போகும் என்று பார்த்து நேரத்தை மாற்றுங்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ஒரு சின்ன லைட் எரியட்டும், கக்கூஸ் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி அடித்துவிடுங்கள், வாசலில் கால்மிதியை எடுத்துவிடுங்கள்.